யார் சொல்லி வந்தீங்க?



சென்ற இதழுக்குப் பிறகு வந்த கடிதங்களில் இரண்டைக் கட்டில் சேர்க்காமல் மேசையிலேயே வைத்திருக்கிறேன். ஒன்று திருமங்கலத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியது. தெருக்காரர்களுக்கென்று அவர் ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறார். தண்ணீர் திறந்துவிடும் நேரம், ரேஷன் கடையில் என்ன வந்திருக்கிறது, யாருக்கு ரத்தம் தேவை என்று நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த குழு. அதில் புதிதாக ஒருவர் சேர்ந்தார். சில வாரங்கள் காலை வணக்கம், பிறந்தநாள் வாழ்த்து, கோயில் திருவிழாப் படங்கள். பிறகு ஒருநாள் ‘நம்ம குழு உறவுகளுக்கு மட்டும்’ என்று மனைத் தவணைத் திட்டம் ஒன்றைப் போட்டார். முதல் தவணையோடு தங்கக் காசும் உண்டாம். நாலு வீட்டுக்காரர்கள் பணம் அனுப்பினார்கள். இப்போது அந்த எண் அணைந்து கிடக்கிறது. ஆசிரியை எழுதுகிறார்: “அட்மின் என்று என் பெயர்தான் இருக்கிறது. அந்த நாலு வீட்டு வாசலையும் தாண்டித்தான் நான் தினமும் பால் வாங்கப் போக வேண்டும். இனி யார் எதை விற்க வந்தாலும் கதவைச் சாத்திவிடலாமா?”

இன்னொரு கடிதம் கோவில்பட்டியிலிருந்து கல்யாணமாகி மதுரை கூடல் நகருக்கு வந்திருக்கும் ஓர் இளம்பெண்ணுடையது. பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, பிரண்டைத் தொக்கு என்று வீட்டிலேயே செய்கிறார். குடியிருப்புக் குழுவில் படமும் விலையும் போட்டிருக்கிறார். சற்று நேரத்தில் பதிவும் இல்லை, குழுவில் இவரும் இல்லை. “ஒருத்தர்கூட என்ன ஏதென்று கேட்கவில்லை. லிஃப்டில் பார்த்தால் சிரிக்கிறார்கள். நான் செய்த தப்பு என்ன?” என்று கேட்டிருக்கிறார்.

இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது மனசு கனத்துப்போனது. ஆசிரியையின் தெருவில் நடந்ததுதான் கூடல் நகர்க்காரர்களைக் கதவைச் சாத்த வைக்கிறது. யாரோ ஒருவர் செய்த மோசத்துக்கு, உழைத்து விற்க வந்த ஒரு பெண் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். புதியவர்களை நம்பலாமா கூடாதா என்று பொதுவாகப் பேசி இதற்கு விடை காண முடியாது. நம் ஊர் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகிய ஒரு கேள்வியிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். கீழமாசி வீதியில் ஒரு மண்டிக்குள் முகம் தெரியாத ஆள் நுழைந்தால், பழைய முதலாளிகள் விலையைப் பற்றி அப்புறம்தான் பேசுவார்கள். முதலில் உட்காரச் சொல்வார்கள். தண்ணீர் கொடுப்பார்கள். பிறகு, “யார் சொல்லி வந்தீங்க?”

கேள்வியில் சந்தேகம் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் அதற்குள் வரவேற்பும் இருக்கிறது. இன்னார் சொன்னார் என்று ஒரு பெயர் வந்துவிட்டால் கதவு திறந்துவிடும். அந்தப் பெயருக்குரியவரும் அன்றிலிருந்து புதியவரின் நடத்தைக்குப் பொறுப்பாளி ஆகிவிடுகிறார். சரக்கு மோசம் போனாலும், பாக்கி நின்றாலும், “அண்ணே, நீங்க சொல்லித்தானே சேத்துக்கிட்டோம்” என்று அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். அவரும் இல்லையென்று சொல்லமாட்டார்.

மதுரைக்குப் பொருள் விற்க வந்த புதியவர் என்றால் நம் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருகிறவன் கோவலன்தான். சிலப்பதிகாரக் கதையில் சிலம்பையும் பொற்கொல்லனையும் நாம் பேசிய அளவுக்கு மாதரியைப் பேசியதில்லை. புகாரிலிருந்து நடந்து வந்த கணவனும் மனைவியும் நகருக்கு வெளியே, புறஞ்சேரியில் நிற்கிறார்கள். ஊரில் ஒருவரையும் தெரியாது. இயக்கிக்குப் பால் படைத்துவிட்டு வீடு திரும்புகிற ஆயர்குல மூதாட்டி மாதரியை, இவர்களோடு வழித்துணையாக வந்த சமணத் துறவி கவுந்தியடிகள் பார்க்கிறார். இவர்களை உன்னிடம் ஒப்படைக்கிறேன் என்கிறார். கவுந்தி சொன்ன சொல் ஒன்றுதான் மாதரிக்கு ஆதாரம். அதை நம்பி வீட்டைத் திறந்துவிட்டாள். இளங்கோ இதற்கென்றே அடைக்கலக் காதை என்று ஒரு காதை வைத்திருக்கிறார்.

பிறகு நடந்தது தெரியும். வந்தவன் பொய்யன் இல்லை, அவன் கையிலிருந்த சிலம்பும் திருட்டுப் பொருள் இல்லை. ஏமாற்றியவன் அரண்மனை வரை செல்வாக்கு உள்ள உள்ளூர்ப் பொற்கொல்லன். விசாரிக்காமல் தண்டித்தவன் ஊரை ஆண்ட மன்னன். மதுரை அன்றைக்குப் புதியவனைச் சந்தேகப்பட்டது, பழகிய ஆளை நம்பியது. எனக்கு இன்னும் பெரிதாகப் படுவது அதற்கு அப்பால் உள்ள செய்தி. அடைக்கலமாக வந்தவர்களைக் காக்க முடியவில்லையே என்று மாதரி தீயில் விழுந்தாள், கவுந்தி உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார் என்று நீர்ப்படைக் காதையில் மாடலன் வந்து சொல்கிறான். கோவலனைக் கொன்றது மன்னன் செய்த தவறு. இருந்தாலும் சொல் கொடுத்தவரும் இடம் கொடுத்தவரும் அதிலிருந்து விலகி நிற்கவில்லை. உயிரைக் கொடுக்கும் முடிவை இன்று யாருக்கும் சொல்லமாட்டேன். ஆனால் ஒருவரைக் கூட்டிவந்து நாலு பேர் முன்னால் நிறுத்துவதை எவ்வளவு பெரிய காரியமாக நம் முன்னோர்கள் நினைத்தார்கள் என்பதை அந்த இரண்டு பெண்கள் காட்டுகிறார்கள்.

மேலூர் பக்கம் கிடாரிப்பட்டி வழியாக அழகர்மலைக் குகைக்கு ஏறிப் போனவர்களுக்கு அங்குள்ள தமிழ்ப் பிராமி எழுத்துகள் தெரிந்திருக்கும். சமண முனிவர்களுக்குக் கற்படுக்கை அமைக்கக் கொடை கொடுத்தவர்களின் பெயர்கள் அவை. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது ஆய்வாளர்கள் கணக்கு. மதுரைப் பொற்கொல்லர் ஒருவர், உப்பு வணிகர் ஒருவர், கொழு விற்றவர், துணி விற்றவர் என்று வரிசையாக வருகிறார்கள். பெரிய வாசகமோ தற்பெருமையோ கிடையாது. பெயர் என்ன, தொழில் என்ன, அவ்வளவுதான். ஊரும் சில இடங்களில் இருக்கிறது. அங்கே நின்று அந்த எழுத்துகளைப் பார்த்தபோது, வியாபாரி ஒருவன் சமூகத்துக்குள் நுழைகிற முறை இதுதானே என்று தோன்றியது. முதலில் தன்னை யாரென்று சொல்கிறான். தன் பங்குக்கு ஏதாவது கொடுக்கிறான். அவன் விலைப்பட்டியல் குகையில் இல்லை.

இன்றைய மதுரையில் இதே முறையைப் பார்க்க வேண்டுமானால் விடியலில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். செல்லம்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து இருட்டோடு பறித்த மல்லிகை மூட்டையாக வந்து இறங்கும். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மதுரை மல்லிதான். கமிஷன் கடைக்காரர் தராசில் போட்டு, பெயரையும் கிலோவையும் சிட்டையில் எழுதி ஒரு துண்டைக் கிழித்துக் கொடுப்பார். பல நாட்களில் அந்த நேரத்தில் அன்றைய விலை இன்னும் முடிவாகியிருக்காது. முகூர்த்த நாளென்றால் எங்கோ ஏறும், ஆடியில் எங்கோ இறங்கும். விவசாயி துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். கணக்கு பிறகு. புதிதாகப் பூ போட வருகிறவரோடு ஏற்கெனவே அந்தக் கடைக்குப் பூ போடுகிற இன்னொருவர் கூடவே வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். “நம்ம பக்கத்துக் காட்டுக்காரருண்ணே” என்ற ஒரு வாக்கியம்தான் அவருக்கு நுழைவுச் சீட்டு. முதலில் அன்றன்றைக்கே காசு வாங்கிப் போவார். கொஞ்ச காலம் பூவின் தரமும் கடைக்காரரின் எடையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்ட பிறகுதான் கணக்கு, முன்பணம் எல்லாம். நம்பிக்கை இரண்டு பக்கமும் கிலோ கிலோவாகச் சேர்கிறது.

சின்னப்பிள்ளை அம்மாளை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. அழகர்கோயில் அருகே பில்லுச்சேரியில் விவசாயக் கூலித் தொழிலாளி. நடவுக்கும் அறுப்புக்கும் பெண்களைச் சேர்த்துக் கூட்டிப்போய், நிலத்துக்காரரிடம் கூலி பேசி, வாங்கிப் பிரித்துக் கொடுக்கிற கொத்துத் தலைவியாக இருந்தவர். 1990இல் பிரதான் என்ற தொண்டு நிறுவனம் மதுரைப் பகுதியில் களஞ்சியம் சேமிப்புக் குழுக்களைத் தொடங்கியது. பின்னால் 1997இல் மதுரையில் உருவான தானம் அறக்கட்டளையின் கீழ் அது பேரியக்கமாக வளர்ந்தது. முகம் தெரியாதவர்கள் ஊருக்குள் வந்து, காசு சேருங்கள் என்றால் யார் நம்புவார்கள்? அதுவும் கந்துவட்டியில் நொந்துபோயிருந்த பெண்கள். அவர்கள் நம்பியது சின்னப்பிள்ளையை. கூலியில் ஒரு பைசா பிசகாமல் பிரித்துக் கொடுத்த கை என்று ஊருக்குத் தெரியும். அந்த அம்மாள் களஞ்சியத்துக்குள் வந்த பிறகு மற்றவர்களும் வந்தார்கள். 2001 ஜனவரியில் டெல்லியில் ஸ்த்ரீ சக்தி விருது வாங்கப் போனபோது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். நாடே பார்த்தது. 2019இல் பத்மஸ்ரீயும் வந்தது.

அந்தக் குழுக்கள் நடக்கிற விதத்தில் நமக்குப் பாடம் இருக்கிறது. வந்தவுடன் கடன் கிடையாது. முதலில் சேமிப்பு, கூட்டத்துக்கு வருகை, நாலு பேர் முன்னால் கணக்கு. 1992இல் நபார்டு 500 குழுக்களோடு ஆரம்பித்த வங்கி இணைப்புத் திட்டத்திலும் அப்படித்தான். ஒரு குழு ஆறு மாதமாவது ஒழுங்காக நடந்திருந்தால்தான் வங்கி கடன் கொடுக்க யோசிக்கும். சொத்துப் பத்திரத்துக்குப் பதிலாக அங்கே கணக்கில் வந்தது அந்த ஆறு மாத ஒழுங்கு. ஒருவரைப் பற்றி அவர் சொல்வதைவிட, அவர் நம்மோடு இருந்த காலம் அதிகம் சொல்லும் என்பதை அந்தப் பெண்கள் நடத்திக் காட்டினார்கள்.

இதே மதுரைதான் இன்னொன்றையும் பார்த்தது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட நியோமேக்ஸ் நிறுவனத்தின் மீது 2023இல் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்தது. மனை, அதிக வட்டி, முதிர்வில் பெருந்தொகை என்று சொல்லிப் பணம் வாங்கித் திருப்பித் தரவில்லை என்பது புகார். தென் மாவட்டங்கள் பலவற்றிலிருந்து புகார்தாரர்கள் திரண்டார்கள். குற்றம் யாருடையது என்று சொல்ல வேண்டியது நீதிமன்றம், அதில் நான் தலையிடப் போவதில்லை. ஆனால் பணம் கட்டியவர்களோடு பேசியபோது ஒரே மாதிரி வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். “எங்க சித்தப்பா மகன்தான் சேத்துவிட்டான்.” “கூட வேலை பார்த்த சார் சொன்னாரு.” “எங்க சங்கத்துல பெரிய மனுஷர், அவரே போட்டிருக்காருன்னா…”

கவனியுங்கள். இங்கேயும் ‘யார் சொல்லி வந்தீங்க?’ என்ற கேள்விக்குப் பதில் இருந்தது. பெயர் இருந்தது, உறவும் இருந்தது. அப்படியும் பணம் சிக்கிக்கொண்டது. ஏன்? சொன்னவருக்கு அதில் கமிஷன் உண்டு என்பது பல வீடுகளில் பேசப்படவே இல்லை. கவுந்தி மாதரியிடம் கேட்டது அடைக்கலம். அதில் அவருக்கு ஒரு காசு வரவு இல்லை. சித்தப்பா மகனுக்கு வரவு உண்டு. அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். பலர் தம் சொந்தப் பணத்தையும் அதிலேயே போட்டுவிட்டு, இன்று உறவுகள் முகத்தில் விழிக்க முடியாமல் வேறு ஊருக்குக் குடிபோயிருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களின் துயரம் கணக்கில் வராத துயரம். ஆனாலும் ஆள் சேர்த்தால் காசு என்று ஆன நிமிடத்திலேயே பரிந்துரை விற்பனையாக மாறிவிடுகிறது. வாங்குபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

2012இல் பெருந்துறையில் ஈமு கோழிப் பண்ணைகள் சரிந்தபோதும் இப்படித்தான். கொட்டகையும் குஞ்சும் கொடுத்து மாதாமாதம் பணமும் தருகிறார்கள் என்று முதலில் சேர்ந்தவருக்குப் பணம் வந்தது, அவர் பக்கத்துத் தோட்டக்காரருக்குச் சொன்னார். சினிமா முகங்களும் விளம்பரத்தில் இருந்தன. கடல் கடந்தும் கதை ஒன்றுதான். இத்தாலியிலிருந்து 1903இல் அமெரிக்கா போய் இறங்கிய சார்லஸ் போன்சி, 1920இல் பாஸ்டன் நகரில் 45 நாளில் ஐம்பது சதவீத லாபம் என்று சொல்லிப் பணம் திரட்டினார். முதலில் கட்டியவர்களில் பலர் அவரைப் போலவே பிழைக்க வந்த இத்தாலியர்கள். நம்ம ஊர்க்காரன், நம்ம பாஷை பேசுகிறவன் என்ற பாசத்தில் கட்டினார்கள். பின்னால் வந்தவர் பணத்தை எடுத்து முன்னால் வந்தவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஆகஸ்டிலேயே எல்லாம் முடிந்தது. முன்பின் தெரியாத ஒருவர் நேராக வந்து நம் பணத்தை வாங்கிப் போவது அபூர்வம். நம்மில் ஒருவரின் நல்ல பெயரை முதலில் வாங்குகிறார், அதை வைத்து நம்மை வாங்குகிறார்.

கைபேசிக் குழுக்களில் இது வேகம் பிடித்துவிட்டது. 2024ஆம் ஆண்டில் மட்டும் இணைய மோசடிகளில் இந்தியர்கள் இழந்தது ₹22,845 கோடி என்று மத்திய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. இதில் பங்குச்சந்தைக் குழு என்று ஒரு வகை. தெரியாத எண்ணிலிருந்து நம்மைச் சேர்த்துவிடுவார்கள். உள்ளே பலர் ஏற்கெனவே லாபம் வந்ததாக ஸ்கிரீன்ஷாட் போட்டுக்கொண்டிருப்பார்கள், நன்றி சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதில் பெரும்பாலானவை ஒரே கூட்டம் இயக்குகிற எண்கள். ஆயிரம் ரூபாய் போட்டால் ஆயிரத்து இருநூறு நிஜமாகவே திரும்பி வரும். அங்கேதான் மனம் இளகுகிறது. இரண்டாவது, மூன்றாவது முறை பெரிய தொகை போகும். எடுக்கப் போனால் ‘வரி கட்டு, அப்புறம் எடு’ என்பார்கள். அந்த முதல் இருநூறு ரூபாய் லாபம், தூண்டிலில் மாட்டிய புழு.

பூ மார்க்கெட்டில் கூட வந்து நின்ற ‘பக்கத்துக் காட்டுக்காரர்’ இங்கே இல்லை. ஃபார்வர்டு வருகிறது, அது யாரிடமிருந்து யாருக்கு வந்து நமக்கு வந்தது என்பது அறுந்துபோயிருக்கிறது. அனுப்பியவரைக் கேட்டால், “எனக்கும் வந்துச்சு, போட்டேன்” என்கிறார். இந்த ஒரு வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. நம் குழுவில் நாம் போடுகிற ஒவ்வொரு சலுகைக்கும் நம் பெயர் கூடவே போகிறது. விசாரிக்காமல் போட்டால் விசாரித்துப் போட்டதாகத்தான் பக்கத்து வீட்டு அக்கா எடுத்துக்கொள்வார். அவர் நம்மைத்தான் நம்புகிறார், சலுகையை அல்ல.

சட்டமும் இன்று கூட்டிவந்தவரைத் தேடி வருகிறது. 1978இல் வந்த பரிசுச் சீட்டு, பணச் சுழற்சித் தடைச் சட்டம் ஆள் சேர்த்துப் பணம் சுழற்றுவதையே குற்றமாக்கியது. முதலீட்டாளர் பாதுகாப்புக்குத் தமிழ்நாட்டில் 1997இல் தனிச் சட்டம் வந்தது, அதற்கான சிறப்பு நீதிமன்றம் மதுரையிலும் இருக்கிறது. 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம், பொய்யென்று தெரிந்தே வாக்குறுதி சொல்லி ஒருவரை இத்தகைய திட்டத்தில் சேரத் தூண்டுவதையும் குற்றம் என்கிறது. 2021இன் நேரடி விற்பனை விதிகள் பிரமிடு திட்டங்களைத் தடுக்கின்றன. சமூக ஊடகத்தில் பொருளைப் பரிந்துரைப்பவர் அதற்காகப் பணமோ பொருளோ பெற்றிருந்தால், எளிய சொற்களில் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டி வெளியிட்டது. பெரிய பிரபலங்களுக்கென்று எழுதியது. நம் தெருக் குழுவுக்கும் அப்படியே பொருந்தும். ‘இதில் எனக்குக் கமிஷன் உண்டு’ என்று ஒரு வரி எழுதுவதில் என்ன குறைச்சல்? அப்படி எழுதுகிறவரிடம் எனக்கு மரியாதை கூடும்.

திருமங்கலம் ஆசிரியைக்கு நான் உடனே எழுதிய பதிலையும் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். பணம் போனது தெரிந்த நொடியில் 1930 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் இன்னொரு கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. வெட்கப்பட்டு நாளைக்கு, நாளன்றைக்கு என்று தள்ளுவதில்தான் பெரும்பாலான பணம் போகிறது. வீட்டில் திட்டுவார்களே என்று பயந்து மறைக்கிற பெண்களும் பெரியவர்களும் அதிகம். ஏமாந்தவரைக் கேலி பேசாத வீடாக நம் வீடு இருந்தால் அவர்கள் முன்பே சொல்லிவிடுவார்கள். வைப்புத் தொகை வாங்குகிற நிறுவனம் அனுமதி பெற்றதா என்று பார்க்கவும், புகார் தரவும் ரிசர்வ் வங்கியின் சசேத் இணையதளம் இருக்கிறது. சீட்டு என்றால் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும், அதைப் பதிவுத் துறையில் கேட்கலாம். தெரியாதவர்கள் நம்மைக் குழுக்களில் சேர்க்க முடியாதபடி வாட்ஸ்அப்பிலேயே அமைத்துக்கொள்ளலாம். பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் உடனே செய்து கொடுப்பார்கள்.

“நாலு வீட்டு வாசலையும் தாண்டிப் போகிறேன்” என்று அவர் எழுதியிருந்தாரே, அந்த வாசல்களில் போய் நில்லுங்கள் அம்மா என்றும் எழுதினேன். காவல் நிலையத்துக்கு அவர்களோடு கூடப் போங்கள், புகார் எழுதிக் கொடுங்கள். நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த கை அது. போய் நின்றிருக்கிறார். ஒரு வீட்டில் அழுதார்களாம், ஒரு வீட்டில் காபி கொடுத்தார்களாம். இப்போது அந்தக் குழுவில் புதிதாக ஒருவரைச் சேர்ப்பவர், இவர் இன்னார், இந்த வீட்டில் குடியிருக்கிறார், எனக்கு இப்படிப் பழக்கம் என்று தன் பெயரில் எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறார். பணம் கட்டுகிற திட்டம் எதற்கும் அங்கே இடமில்லை. வீட்டில் செய்த பொருள், தோட்டத்தில் விளைந்தது, தையல், டியூஷன் போன்றவற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை. கதவைச் சாத்தலாமா என்று கேட்டவர் வாசலில் பெஞ்சு போட்டிருக்கிறார் என்று எனக்குச் சந்தோஷம்.

கூடல் நகர்ப் பெண்ணுக்கு வேறு மாதிரி எழுத வேண்டியிருந்தது. அவர் தப்பு ஒன்றும் செய்யவில்லை. அதே சமயம் அந்தக் குழுவுக்கு அவர் யாரென்றே தெரியாமல் இருந்தது, முதல் வார்த்தையே விலையாக இருந்தது. மூன்றாவது மாடியில் குடியிருக்கிற, இரண்டு வயதுக் குழந்தையின் அம்மா என்று அவர்களுக்குத் தெரிந்த பிறகு விலை வந்திருந்தால் வேறாக இருந்திருக்கும். எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு சின்ன டப்பாவில் பொடி கொடுத்துப் பாருங்கள் என்று சொன்னேன். கொடுத்திருக்கிறார். அந்த அக்கா சாப்பிட்டுப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, “உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கேம்மா?” அதற்கு இவர் சொன்ன பதில்தான் எனக்குப் பிடித்தது. “ஆமாக்கா, எங்க ஊர்ப் பக்கம் இப்படித்தான் போடுவோம். உங்களுக்குக் குறைச்சு அரைச்சுத் தர்றேன்.” அடுத்த வாரம் குறைத்து அரைத்த பொடியோடு, அரைத்த தேதியையும் எழுதி ஒட்டிக் கொடுத்திருக்கிறார். அந்த அக்காவே குழுவில் போட்டாராம்: ‘எங்க எதிர்வீட்டுப் பொண்ணு செய்றது. நான் சாப்பிட்டேன். எனக்குக் கமிஷன் எதுவும் இல்ல.’ விற்பனை இன்னும் பெரிதாக ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறார். லிஃப்டில் இப்போது நின்று பேசுகிறார்களாம்.

பழைய உறுப்பினர்களாகிய நமக்கும் கடமை இருக்கிறது. ஊருக்குப் புதிதாக வந்தவருக்குச் சொல்லிவிட ஆள் இருக்காது, அதுதான் புதிதாக வந்ததற்கு அர்த்தம். ‘யார் சொல்லி வந்தீங்க?’ என்று கேட்டு, பதில் இல்லாவிட்டால் வெளியே தள்ளுவது அநியாயம். அப்போது நம்மில் ஒருவர் எழுந்துபோய் விசாரித்துப் பார்த்துச் சொல்கிறவராக ஆக வேண்டும். நாயக்கர் காலத்தில் தறியோடு வந்த சௌராஷ்டிர நெசவாளர்கள் இந்த ஊருக்கு அந்நியர்கள்தான். மொழி வேறு, வழக்கம் வேறு. அவர்கள் துணியை மதுரை கையில் எடுத்துப் பார்த்தது, உடுத்திப் பார்த்தது. இன்று சுங்குடிக்கு மதுரைச் சுங்குடி என்றே பெயர், அந்தப் பெயருக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. இன்றைக்குச் செக்கானூரணியிலும் ஒத்தக்கடையிலும் விளாங்குடியிலும் வாடகை வீடு பிடித்து, தையல் மெஷினையோ அரவை மெஷினையோ இறக்கிக்கொண்டிருக்கிற குடும்பங்கள் எத்தனை! அவர்களுடைய முதல் பத்து வாடிக்கையாளர்கள் யார் என்பதைப் பொறுத்துத்தான் அவர்கள் இந்த ஊரில் நிற்பதும் பெட்டி கட்டுவதும்.

ஆகவே ஒரு காரியம் செய்யலாம் என்று ஆசிரியர் குழுவில் பேசி முடிவெடுத்திருக்கிறோம். அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கங்களை, மதுரைக்கும் சுற்றுப்புற ஊர்களுக்கும் புதிதாக வந்து சிறு தொழில் செய்கிறவர்களுக்கு ஒதுக்குகிறோம். கட்டணம் இல்லை. அறிமுகத்தை அவர்களே எழுதக் கூடாது, அவர்கள் பொருளை வாங்கிப் பயன்படுத்திய வாசகர் ஒருவர் தம் பெயரையும் ஊரையும் போட்டு எழுத வேண்டும். பொருளில் பிடித்தது, பிடிக்காதது இரண்டையும் எழுதுங்கள். உறவினரா, வியாபாரத்தில் பங்கு உண்டா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள், உறவினர் எழுதினாலும் போடுவோம், உறவினர் என்று போட்டே போடுவோம். முதலீடு, சீட்டு, மனை, ஆள் சேர்க்கும் வியாபாரம் எதுவும் வேண்டாம். எங்கள் ஆசிரியர் குழுவிலிருந்து ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அவரும் கீழே கையெழுத்திடுவார். வாங்கியவருக்கு ஏதாவது குறை என்றால் அந்த ஆளைக் கேட்கலாம்.

கடிதங்களை அலுவலக முகவரிக்கே அனுப்புங்கள். உறையின் மேல் ‘யார் சொல்லி வந்தீங்க’ என்று எழுதிவிட்டால் தனியாக எடுத்துவைக்க வசதியாக இருக்கும். முதல் நேரடிப் பார்வைக்கு நானே கிளம்புவதாக இருக்கிறேன், மேலூர் பக்கமிருந்து யாராவது எழுதினால் அங்கிருந்தே தொடங்கலாம்.

அன்புடன்,
ஆசிரியர்